குவேக்கர் வரலாற்றாசிரியரின் தாள்கள்: பெட்டியிலிருந்து பட்டியல் வரை

குவேக்கர்கள், தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொள்ளும் கிறித்தவப் பிரிவினர்; மாதந்தோறும் ஆண்டுதோறும் கூடும் அவர்களுடைய சபை அமைப்புகளுக்கும் ‘கூட்டம்’ என்றே பெயர். வரலாற்று ஆய்வாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் வாழ்ந்த ஒரு குவேக்கரின் வீட்டிலிருந்து வந்து இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி அவர் எழுதியதாக இருக்காது. பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் பார்த்து அவர் எடுத்த படிகள் இருக்கும். பத்திரிகையில் போடச் சொல்லிப் பலரும் அனுப்பிய கட்டுரைகள் இருக்கும். அச்சகத்தின் ப்ரூஃப் தாள்கள் இருக்கும். ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து படிக்க வாங்கி, திரும்பப் போகாமலே நின்றுவிட்ட 200 வருடப் பழைய குறிப்பேடு ஒன்றும் அடியில் கிடக்கலாம்.

இதைப் பிரிக்க உட்காருகிறவர் பெரும்பாலும் ‘இது எதைப் பற்றியது?’ என்று கேட்டுக்கொண்டு தொடங்குவார். அங்கேதான் வேலை கெடுகிறது. ‘இது யாருடையது, எந்த வேலையாக இவர் கைக்கு வந்தது?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘அடிமைமுறை எதிர்ப்பு’ என்று ஒரு கோப்பைத் திறந்து, அதில் 1750களின் மூலக் கடிதம், அதற்கு இவர் எடுத்த தட்டச்சுப் படி, அதே விஷயமாக வேறொருவர் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை மூன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டால், பின்னால் வருகிற ஆய்வாளர் எது மூலம், எது படி, எது யார் எழுத்து என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே சொல்பவற்றுக்கு ரூஃபஸ் எம். ஜோன்ஸை (1863–1948) எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மெய்ன் மாநிலத்தின் சவுத் சைனா என்ற சிற்றூரில் பிறந்தவர். பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில் 1893 முதல் 1934 வரை தத்துவம் கற்பித்தவர். ‘தி அமெரிக்கன் ஃப்ரெண்ட்’ இதழின் ஆசிரியர். குவேக்கர் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர்களில் ஒருவர். அவருடைய தாள்கள் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியின் குவேக்கர் தொகுப்பில் உள்ளன. கீழே வரும் முறை அந்தத் தொகுப்பின் விவரிப்பு அல்ல. இப்படிப்பட்ட எந்தத் தொகுப்புக்கும் பொருந்தும் வேலைமுறை.

முதலில் காலக்கோடு

எந்தப் பெட்டியையும் பிரிக்கும் முன், அவருடைய வாழ்க்கையை ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். சம்பிரதாயத்துக்காகச் செய்கிற வேலை அல்ல இது. ஆண்டு இல்லாத கடிதங்களை இடம் சேர்க்க இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது.

ஜோன்ஸின் முதல் மனைவி சாரா 1899இல் இறந்தார். மகன் லோவெல் 1903இல் இறந்தான். 1902இல் எலிசபெத் பார்ட்ரம் காட்பரியை மணந்தார். மகள் மேரி ஹாக்ஸி 1904இல் பிறந்தாள். ஆக, ‘சாராவுக்கு அன்பு’ என்று முடியும் ஆண்டில்லாத கடிதம் 1899க்கு முந்தியது. எலிசபெத்தையும் சிறுவனையும் சேர்த்து விசாரிக்கும் கடிதம் 1902–1903க்குள் வந்தாக வேண்டும். 1894இல் இரண்டு இதழ்கள் இணைந்து ‘தி அமெரிக்கன் ஃப்ரெண்ட்’ ஆனது; 1912 வரை அவர் அதன் ஆசிரியர். ‘உங்கள் இதழில் பார்த்தேன்’ என்று பேசும் கடிதங்களுக்கு அதுவே எல்லை. 1905இல் நண்பர் ஜான் வில்ஹெல்ம் ரவுண்ட்ரீ இறந்தபின், அவர் எண்ணியிருந்த வரலாற்றுத் தொகுதிகளை ஜோன்ஸும் இங்கிலாந்தின் வில்லியம் சார்லஸ் பிரெய்த்வெயிட்டும் பங்கிட்டு எழுதினார்கள். 1909இல் முதல் தொகுதி, 1921இல் கடைசித் தொகுதி. அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் வரைவுகள் போய்வந்த காலம் அது. 1917இல் குவேக்கர்களின் நிவாரண அமைப்பான அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழுவின் முதல் தலைவர். 1926இல் ஆசியப் பயணம், சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். 1938 டிசம்பரில் வேறு இரண்டு குவேக்கர்களுடன் பெர்லின் சென்று, நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அலுவலகத்தில் யூதர்களுக்காகப் பேசினார்.

ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள்: [1902–1903]. கடிதத்தில் உள்ள ஆண்டும் நீங்கள் ஊகித்த ஆண்டும் ஒரே தோற்றத்தில் இருக்கக் கூடாது.

பெட்டிகள் வந்த அன்று

எதையும் கலைக்காமல், ஒவ்வொரு பெட்டியையும் இழுப்பறையையும் மேலிருந்து படம் எடுங்கள். வந்த வரிசையில் தற்காலிக எண் கொடுங்கள். ‘படிப்பறை, ஜன்னல் பக்க மேசை, இடது 2ஆம் இழுப்பறை’ என்று இடத்தையும் குறியுங்கள். வரலாற்றாசிரியரின் அடுக்குமுறைதான் அவருடைய ஆய்வுமுறை. ஒரு கட்டுக்குள் அவர் எந்தெந்தத் தாளைச் சேர்த்து வைத்தார் என்பதே சில நேரம் ஒரு புத்தக அத்தியாயத்தின் பிறப்பைக் காட்டும். குடும்பத்தார் நல்லெண்ணத்தோடு ‘கொஞ்சம் ஒழுங்குபடுத்தி’ அனுப்பியிருந்தால் யார், எதை, எப்படி மாற்றினார்கள் என்று அப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

பூஞ்சை நாற்றம் அடிக்கும் பெட்டி வேறு அறைக்குப் போக வேண்டும். மென்மையான தூரிகை நுனியால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் உறங்கும் பூஞ்சை; ஈரமாக இழுபட்டால் உயிரோடு இருக்கிறது. உயிருள்ளதைத் துடைத்தால் இழைகளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். முதலில் உலரவிடுங்கள், பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு நுண்வடிகட்டி உள்ள வெற்றிட உறிஞ்சியால் எடுங்கள். பூச்சி இருந்தால் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் உறையைப் பிரிக்காதீர்கள்; பிரித்தால் குளிர்ந்த தாள்மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். கண்ணாடி நெகட்டிவ்களை உறைய வைக்க வேண்டாம்.

சேமிப்பறை 18–20 டிகிரி, ஈரப்பதம் 35–50 சதவீதம் என்றால் நல்லது. சரியான எண்ணைவிட ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை விழித்துக்கொள்ளும்.

மூலமா, படியா, வந்ததா?

இப்போது ஒவ்வொரு கட்டையும் எடுத்து மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள். அவர் உருவாக்கியது, அவர் வேறோரிடத்திலிருந்து படியெடுத்தது, அவருக்கு வந்தது. நான்காவதாக ‘தெரியவில்லை’ என்று ஒரு தட்டும் வேண்டும். முதல் சில நாட்களில் அதுவே நிரம்பி வழியும், பயப்படாதீர்கள்.

மூலத்தையும் படியையும் பிரிக்கக் கண்ணுக்கும் விரலுக்கும் சில அடையாளங்கள் உண்டு. தாளை ஒளிக்கு நேரே பிடியுங்கள். சீரான இடைவெளியில் கோடுகளும் நீர்க்குறியும் தெரிந்தால் கையால் செய்த பழைய தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பேறி, சில இடங்களில் தாளையே அரித்திருக்கும் மை இரும்பு மை. உண்மையாக அனுப்பிய கடிதத்தில் மடிப்புக் கோடுகள், வெளிப்பக்கத்தில் முகவரி, அரக்கு முத்திரையின் தடம், முத்திரையைக் கிழித்த இடத்தில் சிறு ஓட்டை இருக்கும். இவை இல்லாத ‘கடிதம்’ பெரும்பாலும் வரைவு அல்லது படி.

குவேக்கர் திருமணச் சான்று நல்ல சோதனை. மணமக்கள் தாங்களே கூட்டத்தின் முன் உறுதி சொல்வார்கள். வந்திருந்த எல்லாரும் சாட்சியாகக் கையொப்பமிடுவார்கள். மூலச் சான்று பெரிய தாளில், ஆளுக்கொரு கையெழுத்தாக இருக்கும். கூட்டத்தின் பதிவேட்டுப் படியிலும் அத்தனை பெயர்களும் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே கையில். பெயர்ப் பட்டியலைப் பார்த்து மூலம் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. எழுதிய கை ஒன்றா பலவா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எழுதிய திருமுகங்களில் இன்னொரு சிக்கல். ஒரே திருமுகம் பல படிகளாக எழுதப்பட்டுப் பல ஊர்களுக்குப் போனது. அவற்றில் எழுத்தர் கையொப்பமிட்டவை எல்லாமே மூலந்தான். இங்கே ‘எழுத்தர்’ என்றால் குமாஸ்தா அல்லர். குவேக்கர் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் ஒருமித்த மனத்தை அறிந்து தீர்மானமாக எழுதுகிற பொறுப்பாளர் அவர்.

படி என்று தெரிந்ததும் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். பார்த்தெழுதிய மூலம் பின்னால் தொலைந்திருக்கலாம், எரிந்திருக்கலாம். ஒவ்வொரு படிக்கும் ‘எந்த மூலத்திலிருந்து?’ என்பதை மட்டும் விடாமல் தேடுங்கள். குவேக்கர் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸின் நாட்குறிப்பையே பாருங்கள்: தாமஸ் எல்வுட் திருத்திச் சீர்படுத்தி 1694இல் வெளியிட்ட பாடம் ஒன்று, கையெழுத்துப் படியை அப்படியே தழுவி நார்மன் பென்னி 1911இல் கேம்பிரிட்ஜ் வழியே இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்த பாடம் இன்னொன்று. ‘ஃபாக்ஸ் நாட்குறிப்பிலிருந்து’ என்று மட்டும் எழுதிய அட்டை பாதிப் பயனைத்தான் தரும்.

இரவல் வாங்கிய மூலம் கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். மாதக் கூட்டத்தின் குறிப்பேடு அந்தக் கூட்டத்தின் உடைமை. வரலாற்றாசிரியரின் குடும்பம் உங்களுக்கு நன்கொடைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் தங்களுக்குச் சொந்தமில்லாததை அவர்களால் கொடுக்க முடியாது. அந்தக் கூட்டமோ அதன் வழிவந்த கூட்டமோ எந்தக் காப்பகத்தில் பதிவேடுகளை வைக்கிறது என்று பார்த்து அங்கே எழுதுங்கள். ஃபிலடெல்ஃபியா வட்டாரத்துக்குப் பெரும்பாலும் ஹேவர்ஃபோர்ட் அல்லது ஸ்வார்த்மோர் கல்லூரி நூலகம்; பிரிட்டனின் மைய ஆவணங்களுக்கு லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ் நூலகம். அனுப்பும் முன் ஒரு ஸ்கேன் படியும், ‘மூலம் இங்கிருந்து இன்ன இடத்துக்குச் சென்றது’ என்ற ஒரு தாளும் பழைய இடத்தில் இருக்கட்டும்.

தேதிகள்: அதிகம் சறுக்கும் இடம்

குவேக்கர்கள் மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் கடவுளர் பெயர்களைச் சொல்ல மறுத்து எண்ணால் குறித்தார்கள். ‘முதல் நாள்’ என்றால் ஞாயிறு. அது எளிது. மாதம் அப்படியல்ல. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. குவேக்கர்கள் மார்ச்சை முதல் மாதம் என்றார்கள். எனவே 1752க்கு முந்திய ஆவணத்தில் 2ஆம் மாதம் ஏப்ரல், 7ஆம் மாதம் செப்டம்பர், 11ஆம் மாதம் ஜனவரி, 12ஆம் மாதம் பிப்ரவரி. 1752 முதல் 1ஆம் மாதம் ஜனவரி.

ஜார்ஜ் ஃபாக்ஸ் இறந்தது அக்காலக் கணக்கில் 1690, 11ஆம் மாதம் 13ஆம் நாள். அதை 1690 நவம்பர் 13 என்று போட்டால் மாதமும் தவறு, ஆண்டும் தவறு. ஆண்டு ஜனவரியில் தொடங்கும் நம் கணக்கில் அது 1691 ஜனவரி 13. மார்ச் 1 முதல் 24 வரை இன்னும் நுணுக்கம்: மாதம் ‘முதல்’ ஆகிவிட்டது, ஆண்டு மாறவில்லை. அதனால் 1690/1 என்று இரட்டை ஆண்டு எழுதினார்கள். அதை அப்படியே படியெடுக்க வேண்டும். மாதத்தையும் ஆண்டையும் இன்றைய கணக்குக்கு மாற்றினாலும், நாளின் எண்ணை நகர்த்தாதீர்கள். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14 ஆனதை வைத்து, பழைய தேதிகளோடு 11 நாள் கூட்டுவது வரலாற்று வழக்கமல்ல. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த 17ஆம் நூற்றாண்டுக் கடிதம் மட்டும் விதிவிலக்கு. ஹாலந்து ஏற்கெனவே புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்ததால் அங்குள்ள தேதி லண்டன் தேதியைவிட 10 நாள் முன்னால் இருக்கலாம்.

வரலாற்றாசிரியரின் தாள்களில் இதற்கு மேலும் ஒரு பொறி உண்டு. படியெடுக்கும்போதே அவர் தேதியை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். இளமையில் ஒரு வழக்கம், முதுமையில் வேறு என்றும் இருக்கலாம். மூலம் எட்டும் தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில படிகளை எடுத்து ஒப்பிட்டு, அவர் வழக்கத்தைத் தெரிந்துகொண்டு, பட்டியலின் முன்னுரையில் எழுதுங்கள். பதிவில் முதலில் தாளில் உள்ளபடி, அடுத்து சதுர அடைப்புக்குள் இன்றைய வடிவம்.

கணினி அட்டவணையில் இதைத் தேதி நெடுவரிசையாக வைக்கவே கூடாது. எக்செல் 1900க்கு முந்திய தேதியைத் தேதியாக ஏற்காது. 11/13 போன்றவற்றைத் தன்னிஷ்டப்படி நவம்பர் ஆக்கிவிடும். எழுத்து வடிவ நெடுவரிசை ஒன்று, வரிசைப்படுத்த நான்கிலக்க ஆண்டு மட்டும் உள்ள நெடுவரிசை இன்னொன்று. அது போதும்.

20ஆம் நூற்றாண்டுக் குவேக்கரின் சொந்தக் கடிதத்தில் ‘5ஆம் மாதம்’ என்றால் மே. இங்கே குழப்பமில்லை, ஆனால் 5/3/1911 என்று வந்தால் அமெரிக்கரா ஆங்கிலேயரா என்று பாருங்கள். முன்னவருக்கு மே 3, பின்னவருக்கு மார்ச் 5.

பெயர்களும் கூட்டங்களும்

மரியாதைப் பட்டங்களைக் குவேக்கர்கள் தவிர்ப்பார்கள். ‘அன்பு நண்பரே’ என்று தொடங்கினால் நெருங்கிய நட்பு என்று கொள்ள வேண்டாம். சக குவேக்கர் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். திருமணமான பெண்களைக் கணவர் பெயரால் சுட்டாமல் அவர்கள் சொந்தப் பெயராலேயே எழுதுவார்கள். தேடுகிறவருக்கு இது பெரும் வரம். சாபம் எதுவென்றால், சில குடும்பங்கள், அவற்றுக்குள் திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள். ஜோன்ஸின் இரண்டாவது மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் எலிசபெத் காட்பரி. பர்மிங்ஹாமின் சாக்லேட் குடும்பத்திலும் அதே காலத்தில் ஒரு எலிசபெத் காட்பரி பொதுவாழ்வில் இருந்தார். ரவுண்ட்ரீக்களில் ஜான் வில்ஹெல்மும் உண்டு, ஜான் ஸ்டீபன்சனும் உண்டு. ஆகவே நடு எழுத்தை ஒருபோதும் உதிர்க்காதீர்கள். பிறப்பு–இறப்பு ஆண்டோடு ஒரு பெயர்க் கோப்பைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்து வாருங்கள்.

கூட்டங்களின் பெயரிலும் இரட்டை உண்டு. 1827இல் ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் ஹிக்ஸைட், ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டாகப் பிளந்து 1955இல்தான் மறுபடி ஒன்றானது. இடைப்பட்ட 128 ஆண்டுகளும் இரு தரப்பும் அதே பெயரைத்தான் வைத்திருந்தன. நியூ இங்கிலாந்தில் 1845இல் வேறொரு பிளவு. கோப்புறைத் தலைப்பில் ‘ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் (ஆர்த்தடாக்ஸ்)’ என்று தரப்பைச் சேர்க்காவிட்டால், படிப்பவர் எதிர்த்தரப்புத் தீர்மானத்தை இவர் தலையில் கட்டிவிடுவார். லண்டன் ஆண்டுக் கூட்டம் 1995இல் பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் என்று பெயர் மாறியது; ஆவணம் எழுந்த காலத்துப் பெயரையே தலைப்பில் வையுங்கள்.

தொடர்களாக அடுக்குதல்

மூன்று தட்டுகளும் தெளிந்தபின் தொடர் பிரிப்பது தானாக வரும். குடும்பமும் வாழ்க்கையும், கடிதங்கள், இதழாசிரியப் பணி, ஆய்வுக் குறிப்புகளும் படிகளும், சொந்த எழுத்தும் சொற்பொழிவும், அமைப்புகளில் பொறுப்பு, படங்களும் பெரிய அளவுத் தாள்களும் என ஏழு தொடர்கள் பெரும்பாலும் போதும். இவற்றில் இதழாசிரியத் தொடரும் ஆய்வுத் தொடரும்தான் கவனம் கேட்பவை.

இதழாசிரியத் தொடரின் மிக விலையுயர்ந்த பொருள் பார்வைக்கு மிகச் சாதாரணமானது: ஆசிரியர் கையால் குறித்த இதழ்க் கட்டு. ‘நூலகத்தில் முழுத் தொகுதி இருக்கிறதே’ என்று இதைக் கழித்துவிடுவார்கள். கையொப்பமில்லாத தலையங்கத்தையும் புனைபெயர்க் கட்டுரையையும் யார் எழுதினார் என்பதற்கு, ஓரத்தில் பென்சிலால் போட்ட இரண்டெழுத்துதான் ஒரே சான்றாக இருக்கலாம். ஜோன்ஸின் மைத்துனரும் விவிலிய அறிஞருமான ஹென்றி ஜே. காட்பரி, ‘கடந்தகாலக் கடிதங்கள்’ என்ற பொருளில் குவேக்கர் இதழ் ஒன்றில் நெடுங்காலம் எழுதிய வரலாற்றுப் பத்தியில் ‘அன்றும் இன்றும்’ என்ற அர்த்தமுள்ள புனைபெயரையே போட்டார். அவரை எல்லாருக்கும் தெரியும். அவரளவு பெயர் பெறாதவர்களின் புனைபெயர்களை அவிழ்க்க ஆசிரியரின் குறிப்புகள்தான் துணை.

பிரசுரமாகாமல் நின்ற கட்டுரைகளை அவற்றுக்கான கடிதப் போக்குவரத்தோடு சேர்த்தே வையுங்கள். கட்டுரை ஒரு பெட்டியிலும் மறுப்புக் கடிதத்தின் கார்பன் படி இன்னொன்றிலும் போனால் இரண்டுக்கும் பொருளில்லை. நீள ப்ரூஃப் தாள்களை மடிக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். பெரிய தட்டைப் பெட்டியில் விரித்து வைத்து, வழக்கமான கோப்புறையில் ‘பார்க்க: பெரிய அளவு’ என்று ஒரு தாள் போடுங்கள். திருத்தம் எதுவும் இல்லாத ப்ரூஃப், ஒரே சுற்றறிக்கையின் மூன்றாவது பிரதி, சந்தாப் பண ரசீதுகள் ஆகியவற்றைக் கழிக்கலாம். கழித்ததை வகை சொல்லி ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

ஆய்வுத் தொடரில் அட்டைகள் வரும். 3×5 அங்குல அட்டைகள், அவற்றுக்கிடையே தலைப்பு அட்டைகள். வரிசையைத் தொடவே கூடாது. ரப்பர் பேண்டை மட்டும் வெட்டி எடுங்கள், இழுக்காதீர்கள். காய்ந்த ரப்பர் அட்டையின் மேற்தோலோடு வரும். பிறகு அட்டைக்குரிய பெட்டியில் அதே வரிசையில் நிறுத்துங்கள். குறிப்புத் தாள்களின் பின்பக்கத்தை எப்போதும் பாருங்கள். சிக்கனமாக வாழ்ந்தவர்கள் பழைய உறை, கூட்ட அறிவிப்பு, வேறு கடிதத்தின் முதுகு என்று கிடைத்ததில் எல்லாம் எழுதுவார்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட முக்கியமாக இருந்தால் பட்டியலில் இரண்டையும் சொல்லுங்கள். தாளை எந்தப் பக்கத்துக்காக அவர் வைத்திருந்தாரோ அந்த இடத்திலேயே அது இருக்கட்டும்.

அமைப்புப் பணியில் ஒரு எல்லை உண்டு. சேவைக் குழுவின் அலுவலகப் பதிவேடுகள் அந்தக் குழுவின் காப்பகத்துக்குரியவை. தலைவருக்கு வந்த பிரதிகளும் அவர் ஓரக்குறிப்புகளும் அவருடைய தாள்களோடு இருக்கலாம். சந்தேகம் வந்தால் குழுவின் காப்பகத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கைவேலை

ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கும் கருவி வேண்டாம். தாளைக் கவிழ்த்து, மெல்லிய உலோகத் தகட்டின் முனையால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள். துருப்பிடித்த கிளிப்புக்குத் தாளுக்கும் கிளிப்புக்கும் நடுவே பாலியெஸ்டர் படலத் துண்டை நுழைத்து, தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளிப்பை நெகிழ்த்துங்கள். தாளை உருவினால் துரு தாளை அறுக்கும். எடுத்தபின் புதுக் கிளிப் போடாமல், அமிலமற்ற தாளை இரண்டாக மடித்து அதற்குள் கட்டை வையுங்கள். எது எதோடு இணைந்திருந்தது என்பது அந்த மடிப்பிலிருந்து தெரியும்.

செய்தித்தாள் நறுக்கு பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அமிலமற்ற தாளில் நகலெடுத்து மூலத்தைக் கழிக்கலாம், ஓரத்தில் அவர் எழுதியிருந்தால் மட்டும் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். 1950களிலிருந்து வந்த தெர்மோஃபாக்ஸ் நகல்கள் வெப்பத்தில் கறுத்துக்கொண்டே போகும். எழுத்து தெரிகிறபோதே நகலெடுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தாக வரும் போட்டோஸ்டாட்டுகள் சுருளும், ஆனால் மறையாது. மைக்ரோஃபிலிம் சுருளில் வினிகர் வாடை வந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும்; அந்த ஆவியே அடுத்த சுருளைக் கெடுக்கும். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய நெகட்டிவ்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம், அவற்றைத் தாளோடு வைக்க வேண்டாம். படங்களுக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை; பிவிசி உறை கூடாது. செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் செய்வது இரண்டும் திருப்ப முடியாத கெடுதல்.

சுருண்ட தாளை ஈரக்காற்றுப் பெட்டியில் வைத்து நிமிர்த்தலாம். இரும்பு மை எழுத்து உள்ளதை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஈரம் பட்டால் மையின் அமிலம் நகர்ந்து தாளை இன்னும் வேகமாகத் தின்னும்.

கோப்புறை ஒன்றுக்கு 1 முதல் 1.5 செ.மீ. தடிமன். பெட்டியின் அகலம் சுமார் 13 செ.மீ.; கோப்புறையைச் சிரமமின்றி உருவ முடிகிற அளவுக்கு நிரப்பி, மிச்ச இடத்தில் அட்டை மடிப்பு வையுங்கள். இடம் மிஞ்சினால் தாள்கள் வளைந்து சரியும். திணித்தால் ஓரம் கிழியும். எழுதுவது பென்சிலால் மட்டும், அதுவும் தாளை உள்ளே வைப்பதற்கு முன்.

பட்டியலும் அனுமதியும்

எல்லாவற்றையும் தாள்தாளாகப் பட்டியலிட ஆசைப்பட்டால் பத்து வருடத்தில் முதல் தொடர்கூட முடியாது. கோப்புறை அளவில் நிறுத்துங்கள். தாள் அளவுக்கு இறங்குவது 1800க்கு முந்திய மூலங்களுக்கும், ஜோன்ஸ்–பிரெய்த்வெயிட் போன்ற கூட்டெழுத்துக் கடிதங்களுக்கும் மட்டும். காப்பக விவரிப்புக்கான பன்னாட்டுத் தரம், ISAD(G), 26 கூறுகளைச் சொல்கிறது. அவற்றில் குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரிப்பு நிலை ஆகிய ஆறும் கட்டாயம் வேண்டும். இத்தகைய தொகுப்புக்கு அதோடு ‘படிகளின் மூலம் இருக்கும் இடம்’ என்ற கூறையும் நிரப்பாமல் விடாதீர்கள்.

காப்புரிமை விஷயத்தில் தாளின் உடைமை வேறு, எழுத்தின் உரிமை வேறு. கடிதத்தைப் பெற்றவரின் குடும்பம் தாளைத்தான் தர முடியும். எழுத்துரிமை எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி வெளியிடாத எழுத்துக்கு எழுதியவர் மறைந்து 70 ஆண்டு. 1948இல் மறைந்த ஜோன்ஸின் வெளியிடாத கடிதங்கள் 2019 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1974இல் மறைந்த காட்பரி ஜோன்ஸுக்கு எழுதிய கடிதம் அதே கோப்புறையில் இருந்தாலும் 2044 முடியும் வரை காப்பில் இருக்கும். ஸ்கேன் செய்து இணையத்தில் போட நினைத்தால் கடிதம் எழுதியவர்வாரியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூடிவைக்க வேண்டியவையும் இருக்கும். 1930களில் அடைக்கலம் கேட்டு வந்த கடிதங்கள், போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களின் மருத்துவ விவரங்கள், கூட்டத்திலிருந்து ஒருவரை விலக்கியது பற்றிய அந்தரங்கக் கடிதங்கள், ஆசிரியர் இன்னொருவரின் கட்டுரையைப் பற்றி மனம்விட்டு எழுதியவை. கோப்புறையில் ‘50 ஆண்டுகளுக்கு மூடியது’ என்று எழுதாதீர்கள்; எதிலிருந்து 50 என்று யாருக்கும் தெரியாது. ‘2040 ஜனவரி 1 வரை மூடியது’ என்று எழுதி, அந்தத் தேதிகளைத் தனிப் பட்டியலாகவும் வையுங்கள். முழுத் தொடரையும் மூடுவது சோம்பேறித்தனம். அந்த ஒரு கோப்புறையை எடுத்துவிட்டு, இருந்த இடத்தில் ஒரு தாளை வைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடலாம்.

குடும்பத்தாரிடமிருந்து இன்னும் இரண்டு பெட்டி பின்னால் வரும். அநேகமாக எல்லாத் தொகுப்பிலும் வரும். ஆகவே பெட்டிகளுக்குத் தொகுப்பு முழுதும் ஓடும் ஒரே எண்வரிசை கொடுங்கள், தொடருக்குத் தொடர் 1இலிருந்து தொடங்க வேண்டாம். புதிதாக வந்தவை கடைசி எண்களைப் பெறும். அவை எந்தத் தொடரைச் சேர்ந்தவை என்பதைப் பட்டியலே சொல்லும். பழைய எண்ணை மேற்கோள் காட்டி அச்சாகிவிட்ட கட்டுரைகளின் அடிக்குறிப்புகளும் பிழையாகாது.